கோட்டின் தடிப்பு

ஆறங்குல வரைபடம் என்று ஒன்று உண்டு. ஒரு மைல் நிலத்தை ஆறு அங்குலக் கடதாசிக்குள் அடக்கியது. இன்றைய கணக்கில் 1:10,560. இங்கிலாந்தில் பல கவுண்டிகளின் பொதுப் பாதைகளை 1950களில் இந்தக் கடதாசியில்தான் மையால் வரைந்து வைத்தார்கள். வரைந்தவருடைய பேனை முனை ஒரு மில்லிமீட்டர் என்றால், அவர் இழுத்த கோடு தரையில் பத்தரை மீட்டர் அகலம். ஒரு வீடும், பக்கத்தில் ஒரு கராஜும், இரண்டுக்கும் நடுவே குப்பைத்தொட்டி வைக்கிற சந்தும் அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடும். பாதை போவது கோட்டின் இந்த விளிம்பிலா, அந்த விளிம்பிலா, நடுவிலா? இருபத்தாறு வருடம் நான் சம்பளம் வாங்கியது பெரும்பாலும் இந்தக் கேள்விக்குத்தான்.

வேலையின் பெயர் 'ரைட்ஸ் ஒஃப் வே ஒஃபிசர்'. பொதுப் பாதைகளைப் பார்த்துக்கொள்கிற கவுன்சில் அலுவலர். 1994இல் வேலை கிடைத்ததும் கொழும்பில் இருந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"றோட்டுப் போடுற வேலையோ தம்பி?"

"இல்லையம்மா. ஒற்றையடிப்பாதை. வயலுக்குள்ளால ஆக்கள் நடக்கிற பாதை."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அதுக்கும் ஒரு உத்தியோகமோ?" என்றார்.

அம்மா பகிடிக்குக் கேட்கவில்லை. பாதை என்றால் எங்கள் குடும்பத்தில் வழக்கு. எங்கள் வளவு உறுதியில் கிணற்றுப் பங்குக்குப் பக்கத்தில் 'வழி வாய்க்கால்' என்று இரண்டு சொல் இருக்கும். அந்த இரண்டு சொல்லுக்காக அப்பப்பாவும் பின்வளவுக்காரரும் வருடக்கணக்கில் கோடேறினார்கள். வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் கதியால் அரைச் சாண் ஒழுங்கைப் பக்கம் நகரும். ஒழுங்கை ஒடுங்கும். ஒருநாள் வண்டில் திரும்பாது. பிறகு பிரக்கிராசி, நில அளவையாளர், சாட்சி. ஊரில் கோடு என்றால் வரைகிற கோடும்தான், நீதிமன்றமும்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது இங்கிலாந்தில், இந்த வேலைக்குச் சேர்ந்த பிறகு.

ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் ஒழுங்கையில் நடக்கும் உரித்து இன்னின்ன காணிக்காரருக்கு என்று உறுதியில் பெயர் சொல்லி எழுதியிருக்கும். இங்கே வயலுக்குள் போகும் பாதைக்கு அப்படிப் பெயர்ப் பட்டியல் கிடையாது. நிலம் கமக்காரருடையது, அதன்மேல் நடக்கும் உரிமை எல்லோருக்கும். நேற்று ஹீத்ரோவில் இறங்கியவனுக்கும் அதே உரிமை. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, கையில் வரைபடத்தோடு ஒருவருடைய கோதுமை வயலின் நடுவால் நடந்தேன். யாரும் 'ஆர் நீ?' என்று கேட்கவில்லை. உழவு இயந்திரத்தில் இருந்தவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். வேலியில் ஏறிக் கடக்க இரண்டு பலகைப் படி போட்டிருந்தார்கள். இவர்கள் அதற்கு 'ஸ்டைல்' என்று பெயர் சொன்னார்கள். எனக்கு அது ஊர்க் கடப்பு. கடைசிவரை என் குறிப்புப் புத்தகத்தில் தமிழில் 'கடப்பு' என்றுதான் எழுதினேன்.

*

இங்கிலாந்துச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் அகல ஒற்றையடிப்பாதையும் 'ஹைவே'. பெருவழி. ஒருமுறை பெருவழியானது என்றைக்கும் பெருவழி என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். பத்து வருடம் யாரும் நடக்கவில்லை, முள் மூடிவிட்டது, கமக்காரர் பூட்டுப் போட்டுவிட்டார் என்பதனால் உரிமை செத்துப்போகாது. சட்டப்படி ஓர் ஆணை பிறப்பித்தால்தான் அதை மூடலாம் அல்லது திருப்பலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப் பதிவான பாதைகள் ஏறக்குறைய 140,000 மைல்.

பதிவு வந்தது 1949ஆம் ஆண்டுச் சட்டத்தோடு. ஒவ்வொரு கவுண்டியும் தன் பாதைகளை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றார்கள். ஊர்ச்சபைக்காரர்கள் சப்பாத்தில் சேற்றோடு தங்கள் பாதைகளை நடந்து பார்த்து, அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். 'ஆலமரத்தடியில்' என்று நம் ஆட்கள் எழுதுவதுபோல 'பெரிய ஓக் மரத்துக்குத் தெற்கால்' என்று எழுதியிருப்பார்கள். அந்த ஓக் இப்போது இருக்காது. இப்படிச் சேர்ந்ததுதான் 'டெஃபினிட்டிவ் மேப்'. நான் அதை அறுதி வரைபடம் என்று சொல்லிக்கொள்வேன். அதில் உள்ள பாதை சட்டத்தின் முன் உள்ள பாதை. வரைபடத்தையே சட்டப்படி திருத்தும்வரை அதற்கு எதிராக வாதாட இடமில்லை. கூடவே ஒரு விவரண ஏடும் உண்டு. அதில் அகலம் எழுதும் இடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அன்றைக்கு அகலம் யாருக்கும் தேவைப்படவில்லை. இருபக்கமும் வேலி இல்லாத வயலில் பாதைக்கு அகலம் எதற்கு?

வீடுகள் வரும்போதுதான் அகலம் தேவைப்படுகிறது.

ஒரு நாள் வீடு கட்டும் கம்பனியின் ஆள் என் மேசைக்கு வந்து ஒரு சுருள் வரைபடத்தை விரித்தார். அறுபத்தெட்டு வீடுகள். வீட்டுக் கூரைகளுக்குக் குறுக்கே மெல்லிய பச்சைப் புள்ளிக்கோடு ஒன்று ஓடியது. "இது என்ன?" என்று கேட்டேன். "பழைய பாதை. அது போய்விடும். எங்களுக்கு பிளானிங் பெர்மிஷன் கிடைத்துவிட்டது" என்றார். இந்த வசனத்தை நான் எத்தனை வாயில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கட்டுவதற்கு அனுமதி கிடைத்துவிட்டால் பாதை தானாக ஒதுங்கிக்கொள்ளும் என்று கெட்டிக்காரர்களும் நம்புகிறார்கள். ஒதுங்காது. அனுமதி கட்டடத்துக்கு, பாதைக்கு வேறு ஆணை வேண்டும். அந்த ஆணை உறுதியாகும்வரை பாதைமேல் ஒரு சீமெந்துக் கல் வைத்தாலும் அது பெருவழியை மறித்த குற்றம்.

பாதையைத் திருப்பும் ஆணை பிறப்பிக்க முக்கியமாக இரண்டு கதவு உண்டு. ஒன்று 1990ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 257ஆம் பிரிவு. அனுமதி பெற்ற கட்டுமானத்தை நிறைவேற்ற, பாதையைத் திருப்புவது 'அவசியம்' என்று கவுன்சிலுக்குத் திருப்தி வரவேண்டும். மற்றது 1980ஆம் ஆண்டுப் பெருவழிச் சட்டத்தின் 119ஆம் பிரிவு. காணிக்காரரின் நன்மைக்காகவோ பொதுமக்களின் நன்மைக்காகவோ திருப்பலாம். ஆனால் புதிய பாதை நடப்பவருக்குக் குறிப்பிடத்தக்க அளவு வசதிக் குறைவாக இருக்கக்கூடாது. புதிய வீடுகள் என்றால் பெரும்பாலும் முதல் கதவுதான். அதற்குச் சாவி 'அவசியம்' என்ற ஒரு சொல். வசதி, அழகு, கம்பனிக்கு இரண்டு வீடு கூட என்பதெல்லாம் அவசியம் ஆகாது. பாதை இருந்த இடத்திலேயே இருக்க, வீடுகளைச் சுற்றிக் கட்ட முடியுமென்றால் அவசியம் எங்கே?

அவசியம் நிரூபணமானாலும் வேலை முடிந்துவிடாது. பாதையைத் திருப்புவதால் நடப்பவருக்கும் அயலவருக்கும் வரும் நட்டத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும். அரசின் 2009ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: மாற்றுப் பாதையை முடிந்தவரை குடியிருப்பு வீதிகளில் போடாதே, வாகனம் படாத பசும்வெளியால் கொண்டுபோ. அந்த ஒரு பத்தியின் ஓரத்தில் என் பென்சில் கோடு தேய்ந்துபோயிருக்கும்.

*

இனி என் தவறைச் சொல்கிறேன்.

1998. ஊர்ப் பெயர் வேண்டாம். தேவாலயத்தடியிலிருந்து பிரதான வீதிக்கு ஒரு மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே நேராக ஓடிய பாதை. நாற்பது வீடுகள் வருகின்றன. கம்பனியின் வரைபடத்தில் பாதை வீடுகளின் பின்பக்கமாக, தோட்ட வேலிகளுக்கு நடுவே திருப்பப்பட்டிருந்தது. வாகனம் இல்லை. வீதியில் நடக்கத் தேவையில்லை. இரண்டு மீட்டர் அகலம். பழைய பாதையைவிட முப்பது மீட்டர்தான் கூட. சட்டம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் நான் சரி போட்டேன். ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை. ஆணை உறுதியானது. எனக்கு என் வேலையில் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மாரியில் அந்தப் பக்கம் போனேன். இரண்டு மீட்டர் என்பது வயலில் ஒரு அளவு. ஆறடிப் பலகை வேலி இரண்டுக்கு நடுவில் அது வேறு அளவு. இருபக்கமும் புதுப் பலகையில் பூசிய எண்ணெய் மணம். மத்தியானத்தைத் தவிர வெயில் விழாத தரை. நடுவில் ஒரு வளைவு. அதனால் உள்ளே நுழைகிறவருக்கு மறுமுனை தெரியாது. ஒரு வீட்டுக்காரர் புல் வெட்டிய குப்பையை வேலிக்கு மேலால் எறிந்திருந்தார். இன்னொருவர் பழைய நத்தார் மரத்தை. சேற்றில் ஒரு நாயின் காலடியும் ஒரு ஆளின் காலடியும்தான் இருந்தன. வெளியே வந்து பார்த்தால், பெண்களும் பிள்ளைகளும் வீதி ஓரமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் முறைப்பாடு செய்யவில்லை. எல்லோரும் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சட்டத்தால் கோட்டை நகர்த்த முடியும். நடந்தவர்களை நகர்த்த முடியாது. அவர்கள் ஏன் அந்த வழியால் நடந்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. காரணம் எளிது: திறந்த வெளி, மறுமுனை கண்ணுக்குத் தெரியும், எதிரே வருகிறவர் யார் என்று நூறு யார் தூரத்திலேயே தெரியும். இந்த மூன்றில் ஒன்றையும் நான் புதிய பாதைக்குக் கொண்டுபோகவில்லை. ஏ என்ற புள்ளியையும் பி என்ற புள்ளியையும் மட்டும் கொண்டுபோயிருந்தேன்.

*

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தக் கம்பனி வந்தாலும் முதல் கூட்டத்தை அலுவலகத்தில் வைப்பதில்லை. பாதையில், காலை ஏழே முக்காலுக்கு வரச் சொல்வேன். கட்டடக் கலைஞர்கள் முகம் சுளிப்பார்கள். ஒன்பது மணிக்கு வரலாமா என்று கேட்பார்கள். ஒன்பதுக்கு வந்தால் பாதைதான் இருக்கும். பாதையில் ஆட்கள் இருக்கமாட்டார்கள்.

ஒரு வைகாசிக் காலை நினைவிருக்கிறது. எண்பத்து நான்கு வீட்டுத் திட்டம். பாதை வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக ஓடியது. கம்பனியின் முதல் வரைபடம் அதைத் தூக்கி வீதி ஓர நடைபாதையில் வைத்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், நடக்கிறவர் பதினொரு வீட்டுக் கார்வாசலைக் கடக்க வேண்டும், மூன்று செங்கோணத் திருப்பம் திரும்ப வேண்டும். நடப்பவர்களின் சங்கமான ராம்ப்ளர்ஸின் உள்ளூர்த் தொண்டர் ஒருவர், ஓய்வுபெற்றவர், கையெழுத்தில் நான்கு பக்க ஆட்சேபணை எழுதித் தயாராக வைத்திருந்தார். அவரையும் அதே நேரத்துக்கு வரச் சொன்னேன். கம்பனிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் 1935 முதல் இதே வேலையாக இருக்கும் சங்கத்து ஆளை விசாரணை மண்டபத்தில் முதல் தடவை சந்திப்பதைவிடப் புல்லில் சந்திப்பது செலவு குறைவு.

ஏழு ஐம்பதுக்குப் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்குப் போகும் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். இரவு வேலை முடிந்த தாதி ஒருவர், சீருடைக்கு மேல் கோட்டுப் போட்டபடி, எதிர்ப்பக்கமாக. நாய்களோடு மூவர். எல்லோரும் வயலின் நடுவுக்கு வந்ததும் கண்ணை உயர்த்தி ஒரே இடத்தைப் பார்த்தார்கள். கம்பனியின் கட்டடக் கலைஞர் ஓர் இளம் பெண். அவரும் திரும்பிப் பார்த்தார். மரங்களுக்கு மேலே தேவாலயக் கோபுரத்தின் கூர் தெரிந்தது. பாதை அதைக் குறிவைத்துத்தான் ஓடியது. வரைபடத்தில் அது வெறும் சாய்வுக் கோடு. வயலில் நின்றால், கோபுரத்தைப் பார்த்து நடந்தவர்களின் கால்கள் போட்ட கோடு.

"வீடுகளைத் திருப்பலாமா என்று பார்க்கிறேன்" என்றார் அவர்.

திருப்பினார். ஒன்பது மீட்டர் அகலப் பசும்பட்டை ஒன்று கோபுரத்தை நோக்கி. அதன் நடுவில் பாதை. முக்கியமானது, வீடுகளின் முகம் பாதையைப் பார்த்தது, முதுகு பார்க்கவில்லை. குசினி ஜன்னலில் நிற்கிறவர் கண் பாதையில் படும். சில இடங்களில் பாதை பழைய கோட்டிலிருந்து ஆறு மீட்டர் விலகியது, ஓரிடத்தில் பதினான்கு. அதற்கு ஆணை தேவைப்பட்டது. செங்கோண மூலை ஒன்றும் வைக்கவில்லை. மனிதக் கால் செங்கோணத்தில் திரும்பாது. மூலையை வெட்டிப் புல்லில் தன் வழியை அது தானே போட்டுக்கொள்ளும். அந்த வழியை முதலே வரைந்துவிட்டால் பிறகு 'புல்லில் நடக்காதீர்' என்று பலகை நடத் தேவையில்லை.

தொண்டர் தன் நான்கு பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார். "கடப்பு வேண்டாம். எனக்கு முழங்கால் சரியில்லை." இரண்டு முனையிலும் வெறும் இடைவெளி விட்டோம்.

*

ஆணை என்பது பார்க்கச் சாதாரணக் கடதாசி. மூடப்படும் பாதை தடித்த கறுப்புக் கோட்டில். புதிய பாதை தடித்த விட்டுவிட்டுப் போகும் கோட்டில். திருப்பங்களில் ஏ, பி, சி. அட்டவணையில் திசையும் நீளமும், இந்த முறை மறக்காமல் அகலமும். உள்ளூர்ப் பத்திரிகையில் ஓர் அறிவித்தல். பாதையின் இரண்டு முனையிலும் ஓர் அறிவித்தல். இருபத்தெட்டு நாள் ஆட்சேபணைக் காலம். ஒருவரும் எதிர்க்காவிட்டால் கவுன்சிலே உறுதிப்படுத்தலாம். ஒரேயொருவர் எதிர்த்து, அதைத் திரும்பப் பெற மறுத்தாலும் கோப்பு பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போகும். ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். எழுத்தில் வாதம் கேட்பார், அல்லது ஊர் மண்டபத்தில் விசாரணை நடத்துவார். எப்படியானாலும் சப்பாத்தை மாற்றிக்கொண்டு பாதையை நடந்து பார்ப்பார். அனுமதி கொடுத்தது சரியா, இந்த ஊருக்கு வீடு வேண்டுமா என்ற சண்டைக்கு அங்கே இடமில்லை. ஆனால் மண்டபத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தச் சண்டைக்குத்தான் வருவார்கள். நிலம் போன கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பாதை அகப்படும்.

முனைகளில் அறிவித்தல் கட்டுவதும் ஒரு கலை. ப்ளாஸ்டிக் உறைக்குள் வைத்து, வாய் கீழே பார்க்கும்படி கட்ட வேண்டும். மேலே பார்த்தால் மழை நிரம்பும். நத்தைகளுக்குக் கடதாசி பிடிக்கும். ஒரு தடவை இருபத்தெட்டில் பன்னிரண்டாம் நாள் போய்ப் பார்த்தால், 'ஆட்சேபணை' என்ற சொல்லையும் தொலைபேசி இலக்கத்தின் பாதியையும் நத்தை தின்றிருந்தது. வேறு ஒன்று கட்டி, நாளையும் நேரத்தையும் படத்தோடு பதிந்துவைத்தேன். அறிவித்தல் முழுக்காலமும் அங்கே இருந்தது என்று ஒருநாள் நான் சொல்ல வேண்டி வரலாம். ஊரில் கதியாலுக்குச் சாட்சி வைத்த கதைதான்.

கம்பனிகள் விரும்பும் இன்னொரு கடதாசியும் உண்டு: தற்காலிக மூடல். கட்டுமானம் நடக்கும்போது ஆபத்து என்று பாதையை ஆறு மாதம் மூடலாம். அதற்குமேல் வேண்டுமானால் அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். ஆறு மாதம் பன்னிரண்டாகும், பன்னிரண்டு இருபத்துநான்காகும். அதற்குள் பிள்ளைகள் வேறு பஸ்ஸுக்குப் பழகிவிடுவார்கள், தாதி கார் வாங்கிவிடுவார். பாதை திறக்கும்போது நடக்க ஆள் இருக்காது. அதனால் புதிய பாதையை முதலில் போட்டு, நான் பார்த்துச் சான்று கொடுத்த பிறகே பழையது மூடும் என்று ஆணையிலேயே எழுதுவேன். "அத்திவாரம் வெட்டும்போது பாதையா?" என்பார்கள். "ஓம். முதலில் பாதை" என்பேன்.

*

ஒருமுறை இந்த வரிசை தலைகீழானது. சின்னக் கம்பனி; பன்னிரண்டு வீடுகள். ஆணைக்கு விண்ணப்பித்திருந்தார்கள், அது மேசையில் கிடக்கும்போதே கட்டி முடித்துவிட்டார்கள். பாதைமேல் ஒரு கராஜ். 257ஆம் பிரிவு கட்டுமானத்தை 'நிறைவேற்ற' உதவுகிற பிரிவு. மிச்ச வேலை இருந்தால் அது உதவும். கட்டி முடித்ததற்கு உதவி எதற்கு? அந்தக் கதவு அவர்களுக்கு மூடிவிட்டது.

அதற்குள் வீடு விற்கப்பட்டிருந்தது. வாங்கியவர்கள் இளம் தம்பதி. முதல் வீடு, முதல் பிள்ளை. வீடு வாங்குமுன் சட்டத்தரணி கவுன்சிலிடம் தேடுதல் கேட்பார். பொதுப்பாதை பற்றிய கேள்வி அந்நாளில் கட்டாயப் பட்டியலில் இல்லை. தனியே காசு கட்டிக் கேட்க வேண்டும். அவர்களுக்காக யாரும் கேட்கவில்லை. நான் கதவைத் தட்டியபோது அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எங்கள் கராஜுக்குள்ளால் யார் நடக்கப் போகிறார்கள்?" என்று கேட்டார். கோபமில்லை, உண்மையாகவே விளங்கவில்லை. எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. 119ஆம் பிரிவின் கீழ், பக்கத்துத் தோட்டக்காரரின் சம்மதத்தோடு, பாதையை வீட்டைச் சுற்றித் திருப்பி முடிக்க மூன்று வருடம் எடுத்தது. அந்த மூன்று வருடமும் அவர்களால் வீட்டை விற்க முடியவில்லை. கம்பனி அதற்கு முன்பே கலைந்துபோயிருந்தது.

புதிதாக வந்த உத்தியோகத்தருக்கு நான் முதலில் காட்டியது அந்தக் கோப்பைத்தான். பாதையைக் காக்கிற சட்டம் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்த்து வைக்க வேண்டும். விழாமல் தடுக்கிற வழி ஒன்றுதான்: வரைபடத்தில் வீடு விழுமுன் பாதை விழ வேண்டும். பாதை எங்கே என்று தெரிந்த பிறகு வீடு வரைந்தால் ஒரு மணித்தியால வேலை. வீடு வரைந்த பிறகு பாதை தேடினால் ஒரு வருடம். வீடு கட்டிய பிறகு என்றால் மூன்று.

*

2016இல் ஒரு விண்ணப்பம் வந்தது. பின்வேலிகளுக்கு நடுவே ஓடும் ஒரு பாதையை மூடிவிடக் கேட்டிருந்தார்கள். ஒன்பது வீட்டுக்காரர் கையொப்பம். குப்பை எறிகிறார்கள், இரவில் பயமாக இருக்கிறது, யாரும் பாவிப்பதில்லை, பொதுமக்களுக்கு இது தேவையில்லை. இணைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு வளைவு. 1998இல் நான் சரி போட்ட வளைவு.

பொதுமக்களுக்குத் தேவையில்லை என்றால் பாதையை மூட 118ஆம் பிரிவு உண்டு. விண்ணப்பம் முறையாகவே எழுதப்பட்டிருந்தது. வேறு யாரிடமாவது கோப்பைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மடக்குக் கதிரையும் தேநீர்ப் போத்தலும் எண்ணுகிற கிளிக்கரும் எடுத்துக்கொண்டு போனேன். வீதி முனையில், கண்ணுக்குப் படாதபடி உட்கார்ந்தேன். பதினெட்டு வருடத்தில் பலகை வேலி சாம்பல் நிறமாகியிருந்தது. ஓரிடத்தில் பலகை விழுந்து, அந்த இடைவெளியால் ஒருவருடைய தக்காளிச் செடி தெரிந்தது. அந்த ஓரிடத்தில் மட்டும் பாதை வெளிச்சமாக இருந்தது.

பத்து மணிக்குள் நான்கு பேர். ஒரு பெண் உள்ளே நுழைந்து, வளைவுவரை போய், திரும்பி வந்து வீதியால் போனார். அவரை எப்படி எண்ணுவது என்று தெரியவில்லை. பாதி என்று எழுதினேன். மத்தியானம் யாருமில்லை. பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் மூவர் வேலிப் பலகையில் தடியை உரசிக்கொண்டு ஓடினார்கள். ஐந்து மணிக்கு மேல் இன்னும் நான்கு பேர். பதினொன்றரை.

அறிக்கையில் நான் எழுதியது: பாதை தேவைதான்; பாவிக்கப்படாததற்குக் காரணம் அதன் வடிவம். மூடுவதற்குப் பதிலாக, இணங்குகிற வீட்டுக்காரர்கள் வேலியின் மேல் மூன்றிலொரு பங்குப் பலகையைக் கழற்றி வலைப்பின்னல் மரச்சட்டம் போடட்டும். வளைவில் ஒரு விளக்குக்குக் கவுன்சில் காசு தேடட்டும். ஒன்பது பேரில் ஐவர் இணங்கினார்கள். விளக்கு வர இரண்டு வருடம் எடுத்தது. வந்தது.

ஆனால் அந்தப் புதன்கிழமைக் கணக்கில் ஒருவரை நான் இன்னும் சொல்லவில்லை. மாலை ஏழு மணிக்குக் கதிரையை மடிக்கும்போது ஒரு முதியவர் தேவாலயப் பக்கமிருந்து வந்தார். ஊன்றுகோல். வளைவைக் கடந்து வெளியே வரும்வரை அவர் தெரியவில்லை. ஊன்றுகோலின் சத்தம்தான் முதலில் வந்தது. என் கையிலிருந்த கிளிக்கரைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது முந்தி நேராகப் போன பாதை, தெரியுமா? இங்கிருந்தே தேவாலயக் கதவு தெரியும். கவுன்சிலில் யாரோ ஒருவன் வளைத்துவிட்டான்."

"தெரியும்" என்றேன்.

அவர் போனபிறகு கிளிக்கரை ஒருதரம் அழுத்தினேன். பன்னிரண்டரை.